அப்பா வாடகை கட்டுகிறார், ஃபாஃப்ஸாவில் எழுத வேண்டுமா? இண்டிபென்டன்ட் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். வயது 25. நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, நர்ஸிங் படிக்கலாம் என்று கம்யூனிட்டி காலேஜில் இடம் வாங்கியிருக்கிறாள். "சித்தப்பா, என் வாடகையை அப்பாதான் கட்டுறாங்க. போன் பில்லும் அவங்க பிளான்லதான் இருக்கு. இதையெல்லாம் ஃபாஃப்ஸாவுல எழுதணுமா? எழுதினா பெல் கிராண்ட் போயிடுமா?"

ஃபாஃப்ஸா என்பது அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவம், பெல் கிராண்ட் என்பது அதன் வழியாகக் கிடைக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை. எழுத வேண்டாம், போகாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் அவள் விடவில்லை. அப்பா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டால்? அப்பா என் அக்கவுண்டில் பத்தாயிரம் டாலர் போட்டால்? வருமான வரியில் அவர் என்னை டிபென்டன்ட், அதாவது தன்னைச் சார்ந்தவள், என்று காட்டினால்? நாலு கேள்விக்கும் நாலு விதமான பதில். அந்த ராத்திரி வாயால் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்க மத்திய அரசின் கல்வி நிதியுதவி பற்றியது. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி அல்லது அடைக்கலம் பெற்றவர் என்ற நிலை, இப்படி ஏதாவது ஒன்று உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பணம். எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் துணை, பிள்ளைகள்) விசாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. அவர்கள் நேராக எட்டாம் படிக்கு, காலேஜுகள் தனியாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைப் பற்றிய பகுதிக்கு, போய்விடலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு குழப்பம்

ஃபாஃப்ஸாவில் டிபென்டன்ட் என்றால் பெற்றோரின் வருமானத்தையும் காட்ட வேண்டியவர், இண்டிபென்டன்ட் என்றால் அது தேவைப்படாதவர். பெற்றோர் பணம் கொடுப்பதால் நீங்கள் டிபென்டன்ட் ஆகிவிட மாட்டீர்கள். அவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை என்பதால் இண்டிபென்டன்ட்டும் ஆகிவிட மாட்டீர்கள். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபாஃப்ஸா உங்களை எந்தப் பக்கம் போடுகிறது என்பதை வயது, திருமணம், ராணுவம், கோர்ட் உத்தரவு போன்ற விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. யார் உங்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்பது, ஒரே ஒரு இடத்தைத் தவிர, அதில் வராது. அந்த ஒரு இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

பிறகு ஏன் இத்தனை பேர் "அப்பா என்னை டாக்ஸில் காட்டவில்லை, அதனால் நான் இண்டிபென்டன்ட்" என்று நம்புகிறார்கள்? ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்ததுதான் காரணம். 1980களின் முதல் பாதியில் இருந்த விதிப்படி, பெற்றோர் வரியில் உங்களைக் காட்டியிருக்கக் கூடாது, வருடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கக் கூடாது, 750 டாலருக்கு மேல் அவர்களிடம் உதவி வாங்கியிருக்கக் கூடாது. ஆறு வாரத்தை யார் எண்ணுவது! 1986 சட்டத் திருத்தம் 24 வயது என்ற கோட்டைப் போட்டது, ஆனால் அதற்குக் கீழே இருப்பவர்கள் தாங்களே சம்பாதித்து வாழ்வதைக் காட்டி நுழைய ஒரு வழியையும் விட்டு வைத்தது. 1992இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. விதி போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் கோயில் கூட்டத்திலும் பிறந்தநாள் பார்ட்டியிலும் அறிவுரை சொல்லும் அங்கிள்களிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதல் படி: நீங்கள் உண்மையிலேயே இண்டிபென்டன்டா?

2026–27 படிப்பாண்டுக்கான படிவத்தை எடுத்துக்கொள்வோம். 2003 ஜனவரி 1க்கு முன் பிறந்திருந்தால் போதும், வேறு கேள்வியே இல்லை, நீங்கள் இண்டிபென்டன்ட். அதற்குப் பின் பிறந்தவர் என்றால் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்: படிவத்தில் கையெழுத்துப் போடும் நாளில் திருமணமாகியிருப்பது (பிரிந்து வாழ்ந்தால் கணக்கில்லை), மாஸ்டர்ஸ் அல்லது டாக்டரேட் படிப்பது, ராணுவத்தில் இருப்பது அல்லது இருந்து வந்திருப்பது, பாதிக்கு மேல் செலவை நீங்களே பார்க்கும் குழந்தையோ வேறு ஒருவரோ இருப்பது, 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லாமல் போனது அல்லது ஃபாஸ்டர் கேரிலோ (அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பத்தில் வளர்வது) கோர்ட்டின் பொறுப்பிலோ இருந்தது, கோர்ட் மூலம் சட்டப்படி விடுவிக்கப்பட்ட மைனராகவோ கார்டியனின் கீழோ இருந்தது, வீடில்லாமல் தனியாக இருப்பது அல்லது அந்த நிலைக்குத் தள்ளப்படும் ஆபத்தில் இருப்பது.

நம்மவர்கள் வீட்டில் அடிக்கடி வரும் இரண்டு நிலைமைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, நியூ ஜெர்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய் அங்கேயே பள்ளி முடித்து, 18 வயதில் காலேஜுக்குத் திரும்பி வரும் பிள்ளை. அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது, பெற்றோர் சென்னையில், தங்குவது மாமா வீட்டில். "பெற்றோர் இங்கே இல்லையே, மாமாதானே பார்த்துக்கொள்கிறார், அப்போ இண்டிபென்டன்ட்தானே?" இல்லை. மாமா கோர்ட் மூலம் சட்டப்படி கார்டியன் ஆகியிருந்தால் மட்டும்தான் வேறு கதை. இல்லையென்றால் சென்னையில் இருக்கும் பெற்றோரின் வருமானம் டாலரில் மாற்றிப் படிவத்தில் வர வேண்டும். அவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்பது தடையல்ல, அது இல்லாமலே ஸ்டூடன்ட் எய்ட் என்ற அரசுத் தளத்தில் கணக்குத் தொடங்கலாம். மாமாவின் வருமானத்தை மட்டும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள், அவருடைய சம்பளத்துக்கும் உங்கள் படிவத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, கல்யாணமாகி கிரீன் கார்டில் வந்து இங்கே படிக்கத் தொடங்கும் பெண். வயது 21தான் என்றாலும் திருமணத்தால் இண்டிபென்டன்ட். ஊரில் இருக்கும் அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அவருடைய தகவல் எதுவும் வேண்டாம். ஆனால் கணவரின் வருமானம் வரும். இருவரும் தனித்தனியாக வரி கட்டினால் கணவரும் படிவத்துக்குள் வந்து தன் சம்மதத்தைக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் உறவே அறுந்துவிட்டது என்றால்

"அப்பாவிடம் பணம் இருக்கிறது, ஆனால் தர மாட்டேன் என்கிறார்." வருத்தமான நிலைமைதான், ஆனால் இதற்காக எந்தக் காலேஜும் உங்களை இண்டிபென்டன்ட் ஆக்க முடியாது. பெற்றோர் செலவு செய்ய மறுப்பது, படிவத்தில் தகவல் தர மறுப்பது, வரியில் உங்களைக் காட்டாமல் இருப்பது, நீங்கள் முழுக்கச் சொந்தக்காலில் நிற்பது, இந்த நான்கும் தனியாகவோ சேர்ந்தோ போதாது என்று மத்தியக் கல்வித் துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. தகவல் தர மறுக்கும் பெற்றோர் என்றால், மானியம் இல்லாத டைரக்ட் லோன் (படிக்கும்போதே வட்டி ஏறும் மத்திய அரசுக் கடன்) மட்டும் கிடைக்கும்படி விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. முதல் வருடத்துக்கு 5,500 டாலர். கிராண்ட் கிடையாது. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

மறுப்பது வேறு, உறவே இல்லாமல் போவது வேறு. கைவிடப்படுதல், வீட்டில் வன்முறை, பெற்றோர் சிறையில் இருப்பது, ஆள்கடத்தல், அகதி நிலை போன்றவற்றை 'அசாதாரண சூழ்நிலை' என்று காலேஜின் நிதியுதவி அலுவலகம் ஏற்கலாம். சாதி மாறிக் காதலித்ததற்காகவோ, தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று சொன்னதற்காகவோ வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். (அந்தக் காதல் ஏற்கெனவே கல்யாணத்தில் முடிந்திருந்தால் இதெல்லாம் தேவையில்லை, திருமணமே போதும்.) 2024–25 முதல் படிவத்திலேயே அப்படி ஒரு சூழ்நிலை இருக்கிறது என்று குறிக்கலாம். குறித்தால் தற்காலிக இண்டிபென்டன்ட் என்று படிவம் நகரும், பிறகு காலேஜ் ஆதாரம் கேட்டு இறுதி முடிவு எடுக்கும். பள்ளி கவுன்சிலர், சமூகப் பணியாளர், டாக்டர், ஃபாதர் அல்லது பாஸ்டர், நிலைமை தெரிந்த ஆசிரியர், இவர்களில் யாராவது எழுதித் தரும் கடிதம் பெரிய உதவி. குடும்ப விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவது கஷ்டம், தெரியும். ஆனால் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதே காலேஜில் அடுத்தடுத்த வருடங்களுக்கும், நிலைமை மாறாதவரை, அது செல்லும்.

இங்கேதான் பெற்றோர் பணம் குறுக்கே வரும். தொடர்பே இல்லை என்று எழுதிவிட்டு, மறுபக்கம் அம்மா மாதாமாதம் 500 டாலர் அனுப்புவது பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தெரிந்தால், உங்கள் கதையே சந்தேகத்துக்குள்ளாகும். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறார் என்றால் அதையே சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

இரண்டாம் படி: 24 வயதுக்குக் கீழே, கையில் குழந்தை

நான் சொன்ன அந்த ஒரே இடம் இதுதான். யார் சோறு போடுகிறார்கள் என்ற கேள்வி இங்கே நேரடியாகவே வந்து நிற்கிறது.

குழந்தை இருப்பதால் இண்டிபென்டன்ட் என்று சொல்ல, அந்தக் குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டும். செலவு என்றால் பணம் மட்டுமில்லை. இருக்க இடம், சாப்பாடு, உடை, மருத்துவம், கார், எல்லாம் சேர்த்தி. இருபது வயதில் ஒரு பெண், கைக்குழந்தையோடு தன் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள், வேலை இல்லை, பால் பவுடர் முதல் டயப்பர் வரை தாத்தா பாட்டிதான் வாங்குகிறார்கள். அப்படியென்றால் குழந்தையைத் தாங்குவது அவளல்ல, தாத்தா பாட்டி. வேறு எந்தக் காரணமும் பொருந்தாவிட்டால் அவள் டிபென்டன்ட்தான், பெற்றோரின் வருமானம் படிவத்தில் வர வேண்டும்.

அதே பெண் பகுதிநேர வேலைக்குப் போய், குழந்தையின் தகப்பனிடமிருந்து வரும் பணத்தையும் சேர்த்துப் பாதிக்கு மேல் செலவைத் தானே பார்க்கிறாள் என்றால் நிலைமை மாறிவிடும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் காலேஜ் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். நான் சொல்வது: வீட்டு வாடகையில் அல்லது மார்ட்கேஜில் குழந்தையின் பங்கு, சாப்பாடு, டேகேர், மருத்துவம் என்று ஒரு மாதச் செலவை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் யார் பணம் கொடுத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள், கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டவில்லை என்றால் தாண்டவில்லை.

இன்னொரு சிக்கல், குழந்தையைத் தாத்தா தன் வரியில் காட்டிவிடுவது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் படிவம் வரித் தாக்கலிலிருந்தே எடுக்கப் பார்க்கும். தாத்தா காட்டியிருந்தால் உங்கள் ரிட்டர்னில் குழந்தை இருக்காது, நீங்கள் ஒற்றை ஆள் என்று கணக்காகும். படிவத்திலேயே அந்த எண்ணிக்கையை மாற்ற இடம் உண்டு, விட்டுவிடாதீர்கள். குழந்தையோடு தனியாக இருக்கும் தாய் அல்லது தந்தைக்கு முழு பெல் கிராண்ட் கிடைக்கும் வருமான வரம்பு, வறுமைக்கோட்டின் 225 சதவீதம். குழந்தை இல்லாதவருக்கு 175தான். அதனால் அந்த ஒரு எண்ணில் பெரிய பணம் இருக்கிறது.

மூன்றாம் படி: பெற்றோர் தரும் பணம் படிவத்தில் எங்கே?

சரி, நீங்கள் இண்டிபென்டன்ட் என்று முடிவாகிவிட்டது. அப்பா வாடகை கட்டுகிறார். எங்கே எழுதுவது?

2023–24 வரை ஒரு கேள்வி இருந்தது: உங்களுக்கு வந்த பணம், அல்லது உங்களுக்காக வேறு ஒருவர் கட்டிய பில் எவ்வளவு என்று. இண்டிபென்டன்ட் மாணவருக்கு அப்பா மாதம் 800 டாலர் வாடகை கட்டினால் வருடத்துக்கு 9,600 டாலர், வரியில்லாத வருமானமாக உள்ளே போகும். குழந்தை இல்லாத இண்டிபென்டன்ட் மாணவருக்கு, கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் பாதியைப் படிப்புக்கு என்று எடுப்பார்கள். ஆக, அப்பா செய்த உதவியால் 4,800 டாலர் வரை உதவித் தகுதி குறையலாம். வெயிலுக்குக் குடை பிடித்ததற்கு வரி போட்ட மாதிரி.

2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் படிவத்தைச் சுருக்கியது, அது 2024–25 படிவத்தில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கேள்வி போய்விட்டது. உதவித் தகுதியைக் கணக்கிடப் பயன்பட்ட பழைய இஎஃப்சி என்ற எண்ணும் போய், அதன் இடத்தில் எஸ்ஏஐ வந்தது. இந்த எண் கூடினால் உதவி குறையும். இன்றைய படிவத்தில் அப்பா கட்டும் வாடகைக்கோ, அம்மா கட்டும் கார் இன்ஷூரன்ஸுக்கோ, 26 வயதுவரை நீங்கள் அவர்களுடைய ஹெல்த் இன்ஷூரன்ஸில் இருப்பதற்கோ இடமே இல்லை. பெற்றோர் தரும் அன்பளிப்புப் பணம் வருமான வரியிலும் உங்களுக்கு வருமானமில்லை, அதனால் ஐஆர்எஸ் என்ற வருமான வரித் துறையிலிருந்து நேராக வரும் எண்ணிலும் அது இருக்காது. கொடுப்பவர் பக்கம் பார்த்தால், 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை அறிவிக்காமலே தரலாம். காலேஜுக்கு நேரடியாகக் கட்டும் டியூஷனுக்கு அந்த வரம்பும் கிடையாது.

இணையத்தில் இன்னும் பழைய கேள்வியை வைத்துப் பயமுறுத்தும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. கட்டுரையின் தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

நான்காம் படி: கட்டிய பணம் வேறு, அக்கவுண்டில் கிடக்கும் பணம் வேறு

அப்பா வீட்டுக்காரருக்கு நேராகக் கட்டிய 10,000 டாலர் படிவத்தில் இல்லை. அதே 10,000 டாலரை உங்கள் சேவிங்ஸில் போட்டு, அது அங்கே கிடக்கும்போது நீங்கள் ஃபாஃப்ஸா போட்டால், அது உங்கள் சொத்து. குழந்தை இல்லாத இண்டிபென்டன்ட் மாணவரின் சொத்தில் 20 சதவீதம் எஸ்ஏஐக்குள் போகும், அதாவது 2,000 டாலர். குழந்தை உள்ளவர் என்றால் 7 சதவீதம், 700 டாலர். படிவத்தில் கேட்பது கையெழுத்துப் போடும் நாளின் இருப்பு, வருடச் சராசரி அல்ல.

ஆனால் எல்லோரிடமும் சொத்துக் கேட்பதில்லை. உங்கள் வருமானம் முழு பெல் கிராண்டுக்குத் தகுதியானது என்றால், அல்லது 60,000 டாலருக்குக் கீழே இருந்து வரித் தாக்கலும் எளிமையானது என்றால், அல்லது அண்மையில் மெடிகெய்ட் (மருத்துவம்), ஸ்னாப் (உணவு) மாதிரி குறைந்த வருமானத்தினருக்கான ஏதாவது அரசு உதவி பெற்றிருந்தால், சொத்து கணக்கில் சேராது. என் அண்ணன் மகள் இந்த வகையில்தான் வந்தாள். அப்பா போடுவதாகச் சொன்ன பத்தாயிரத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சொத்துக் கணக்கு உங்களுக்கு உண்டு என்றால், நேர்மையாகச் செய்யக்கூடியது இரண்டு. பெற்றோர் தர நினைக்கும் பணத்தை நேராகக் காலேஜுக்கோ வீட்டுக்காரருக்கோ கட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது என்றால், எப்படியும் கட்ட வேண்டிய கிரெடிட் கார்டு பாக்கி, கார் ரிப்பேர் போன்றவற்றைப் படிவம் போடும் முன் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கிரெடிட் கார்டு கடனைச் சொத்திலிருந்து யாரும் கழித்துக் கொடுப்பதில்லை. நண்பன் அக்கவுண்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வைத்துத் திரும்ப வாங்குவதெல்லாம் பொய்த் தகவல், அதற்கு அபராதமும் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

529 கணக்கு, அதாவது படிப்புக்காகப் பணம் சேர்க்கும் வரிச் சலுகைக் கணக்கு, பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. கணக்கு பெற்றோர் பெயரில் இருந்து, நீங்கள் இண்டிபென்டன்ட் என்றால், பெற்றோர் தகவலே படிவத்தில் இல்லாததால் அந்தக் கணக்கும் வராது. அதிலிருந்து எடுத்துக் கட்டும் பணமும் வராது. தாத்தா பெயரில் இருந்தாலும் அப்படியே. கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்தால் அது உங்கள் சொத்து. சின்ன வயதில் உங்கள் பெயரில் கஸ்டோடியல் கணக்கு போட்டு மியூச்சுவல் ஃபண்ட் வாங்கி வைத்திருந்தால் அதுவும் உங்களுடையதுதான், அப்பா நிர்வகிக்கிறார் என்பது பொருட்டே இல்லை.

ஐந்தாம் படி: பெற்றோர் வீட்டுக்கே திரும்பிப் போனால்

இண்டிபென்டன்ட் நிலை மாறாது. எஸ்ஏஐயும் மாறாது. மாறுவது, காலேஜ் போடும் மொத்தச் செலவு மதிப்பீடு. தனியாக வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு தொகை, பெற்றோரோடு இருப்பவருக்கு அதைவிடக் குறைந்த ஒரு தொகை. உதாரணத்துக்குத் தனியாக இருந்தால் மதிப்பீடு 26,000, வீட்டில் இருந்தால் 17,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட், ஸ்காலர்ஷிப், லோன் எல்லாம் சேர்த்து அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. முழுநேரம் படிப்பவருக்கு பெல் கிராண்ட் இதனால் அடிபடுவது அரிது. அடிபடுவது லோன் வாங்கும் இடம்.

இப்போதைய ஃபாஃப்ஸாவில் எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்வி இல்லை, காலேஜ்தான் தனியாகக் கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். பெற்றோருக்கு மாதம் வாடகை மாதிரி ஏதாவது கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சில அலுவலகங்கள் கணக்கை மாற்றிப் போடும்.

ஆறாம் படி: டாக்ஸில் யார் யாரைக் காட்டுவது

ஃபாஃப்ஸாவில் நீங்கள் யார் என்பதை இது மாற்றாது. 25 வயது மகளை அப்பா வரியில் டிபென்டன்ட் என்று காட்டினாலும், ஃபாஃப்ஸாவில் அவள் இண்டிபென்டன்ட். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு விதி.

வரியில் அதைச் செய்ய முடியுமா என்பதும் தனிக் கேள்வி. வருடக் கடைசியில் 24 வயது ஆகிவிட்டவர், முழுநேர மாணவர் என்ற காரணத்தால் பிள்ளை என்ற வகையில் வர மாட்டார். உறவினர் என்ற வகையில் வரலாம், ஆனால் அதற்கு உங்கள் மொத்த வருமானம் 2025 வரி ஆண்டில் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், பாதிக்கு மேல் செலவைப் பெற்றோர் பார்க்க வேண்டும். அப்பா காட்டினால் கல்விக்கான வரிச் சலுகையும் அவருக்குத்தான். முதல் நான்கு வருடங்களுக்கான சலுகை 2,500 டாலர் வரை போகும், அதனால் யாருக்கு அதிகப் பயன் என்று உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போடுவது நல்லது. ஃபாஃப்ஸாவுக்குப் பயந்து அந்தச் சலுகையை விடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

ஏழாம் படி: லோன்

இண்டிபென்டன்ட் மாணவருக்கு வருட வரம்பு முதல் வருடம் 9,500, இரண்டாம் வருடம் 10,500, அதற்கு மேல் 12,500 டாலர். இளங்கலை முழுவதற்கும் 57,500. டிபென்டன்ட் மாணவருக்கு முறையே 5,500, 6,500, 7,500, மொத்தம் 31,000.

பதிலுக்கு ஒன்று போகிறது. இண்டிபென்டன்ட் மாணவரின் பெற்றோருக்கு, பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் தங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் பேரன்ட் பிளஸ் லோன் கிடையாது. அப்பா உதவ நினைத்தால் தன் கையிலிருந்து தரலாம், அல்லது தனியார் லோனுக்கு உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடலாம். அப்படிப் போட்டால் நீங்கள் கட்டத் தவறும் ஒவ்வொரு மாதமும் அவருடைய கிரெடிட்டும் அடிவாங்கும். முதலில் மத்திய அரசின் லோனை முழுக்க எடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

எட்டாம் படி: ஃபாஃப்ஸா கேட்காததைக் கேட்பவர்கள்

இதுவரை சொன்னது அரசுப் பணம். தனியார் காலேஜுகள் பலவும் தங்கள் சொந்தப் பணத்தைப் பிரிக்க காலேஜ் போர்டின் சிஎஸ்எஸ் புரொஃபைலைக் கேட்கின்றன. அதில் வீட்டின் மதிப்பு முதல் எல்லாம் வரும். உறவினர் உங்களுக்காகக் கட்டும் பணத்தையும் கேட்பார்கள். நீங்கள் ஃபாஃப்ஸாவில் இண்டிபென்டன்ட் என்பது இவர்களைக் கட்டுப்படுத்தாது. எஃப்-1, எச்-4 பிள்ளைகளுக்கு உதவி தரும் காலேஜுகளிலும் பெரும்பாலும் இந்தப் படிவம்தான்.

மேற்படிப்பில் இது இன்னும் கூர்மை. மாஸ்டர்ஸ், மெடிக்கல், சட்டம் எதுவாக இருந்தாலும் ஃபாஃப்ஸாவில் நீங்கள் தானாகவே இண்டிபென்டன்ட். ஆனால் மெடிக்கல், சட்டக் கல்லூரிகள் பல, தங்கள் சொந்த கிராண்டுக்குப் பெற்றோர் வருமானத்தைக் கேட்கின்றன. முப்பதை நெருங்கும் மகன், தனியாக வாழ்பவன், அப்பாவின் டாக்ஸ் ரிட்டர்னைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தர மாட்டேன் என்றால் கிராண்ட் இல்லை, மத்திய அரசு லோன் மட்டும். அதிலும் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேற்படிப்புக்கான மத்திய அரசின் கூடுதல் கடனான கிராட் பிளஸ் லோன் நிறுத்தப்படுகிறது. மேற்படிப்புக்கு வருடம் 20,500, மெடிக்கல், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு 50,000 என்று உச்சவரம்பு. அதனால் காலேஜின் கிராண்ட் இனி முன்பைவிட முக்கியம். சேரும் முன்பே எந்த வயதுவரை பெற்றோர் தகவல் கேட்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒன்பதாம் படி: உள்மாநிலக் கட்டணம்

இதையும் ஃபாஃப்ஸாவையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பதற்கு வேறு விதி, அங்கே பெற்றோர் ஆதரவு நிஜமாகவே எடைபோடப்படும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 24 வயதுக்குக் கீழே இருந்து, பெற்றோர் அந்த மாநிலத்தில் இல்லை என்றால், பணவகையில் தனித்து நிற்பதை நிரூபிக்கச் சொல்வார்கள். டெக்சஸில் பெற்றோர் வரியில் உங்களைக் காட்டினார்களா என்பது முக்கியம். ஆக, ஆறாம் படியில் சொன்ன வரிச் சலுகையை எடுக்கும் முன், பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்தால், இந்த விதியை முதலில் படித்துவிடுங்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பவர்களுக்கு

2026–27 படிவம் 2024 வருமானத்தைத்தான் பார்க்கும். அப்போது வேலையில் இருந்து இப்போது இல்லையென்றால், நிலைமையைச் சொல்லி வருமானத்தைத் திருத்தச் சொல்லி நிதியுதவி அலுவலகத்தில் கேட்கலாம். கேட்டால் உடனே வரும் எதிர்க்கேள்வி: "சம்பளம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" இங்கே அப்பா கட்டும் வாடகையை மறைக்க வேண்டாம். வாடகை 800, போன் 40, சாப்பாட்டுக்கு அம்மா அனுப்பும் 200 என்று அப்படியே எழுதுங்கள். வழக்கமான கணக்கில் அது வருமானம் ஆகாது என்றாலும், இந்தத் திருத்தம் அந்த அலுவலகத்தின் விருப்புரிமை, எல்லாவற்றையும் பார்க்க அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் வருமானமே இல்லாமல் ஒருவர் வாழ்கிறார் என்று எழுதினால் அவர்கள் நம்பப் போவதில்லை, ஃபைல் அப்படியே கிடக்கும்.

அண்ணன் மகள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். கடைசி சம்பள ரசீது, வேலையை விட்டதற்கான கடிதம், அப்பா கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது, வருமானத்தைத் திருத்திவிட்டோம் என்று. அண்ணனுக்கு மட்டும் ஒரு மனக்குறை: "நான் குடுக்கிற வாடகைய ஒரு படிவத்துலயும் கேக்கலன்னு சொன்ன, கடைசியில கையெழுத்து போட வச்சிட்டியே" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.